சங்வியன் கேட்காத கேள்வி

காலை ஏழு மணி நாற்பது நிமிடத்துக்குச் சங்வியன் என்ற பெண்மணி ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து, அதிலிருக்கும் எட்டு மூக்குக் கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஊதித் துடைத்து, டப்பாவிலேயே வரிசையாக அடுக்கி, மேசையின் வலப்புறத்தில் வைப்பார். எட்டில் ஒன்றுகூட அவர் அணிவதில்லை. நோயாளிகளில் சிலர் படிவத்தைக் கையில் வாங்கியதும், "கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேனே" என்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணாடி உண்மையிலேயே வீட்டில் இருக்கும். மீதிப் பேருக்கு எழுத்து தெரியாது. டப்பாவை நீட்டினால் முதல் வகையினர் ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். இரண்டாம் வகையினர் எட்டையும் மாட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் சரிப்படலை" என்பார்கள்.

"இதெல்லாம் மட்டமான கண்ணாடி, எனக்கே ஒத்துவராது. நான் வாசிக்கிறேன், நீங்க காதால கேட்டா போதும்" என்று சங்வியன் டப்பாவை மூடிவிடுவார். படிக்கத் தெரியாதவர் என்று அந்த மேசைக்கு முன் ஒருவரும் வெளிப்பட்டதில்லை.

அவர் பிறந்தது புத்த ஆண்டு 2511 (கி.பி. 1968), தாய்லாந்தின் ரொய்எட் மாவட்டத்தில். பதிவேட்டின்படி மே மூன்றாம் நாள். தாயார் சொன்னபடி ஏப்ரல் தண்ணீர்த் திருவிழாவுக்கு மறுநாள். இரண்டில் எது சரி என்பதற்குச் சான்று இல்லாததால் இரண்டையும் குறிக்க வேண்டியிருக்கிறது. கணவர் டயர் கடையில் வேலை செய்கிறார். ஒரே மகள் ரயோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறாள். சங்வியன் கோன்கேன் நகரத்துப் பல் மருத்துவமனை ஒன்றின் பதிவறையில் 2538ஆம் ஆண்டு சேர்ந்தார். இருபத்தெட்டு ஆண்டுகளில் ஒரு நோயாளியின் கோப்பைக்கூட அவர் தொலைத்ததில்லை. சந்தையில் தெரிந்தவர்களைப் பார்த்தால் பெயருக்கு முன் கோப்பு எண்தான் நினைவுக்கு வரும். எழுதியதை அழிக்க மாட்டார். பிழை நேர்ந்தால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் பெயரையும் தேதியையும் இடுவார். பதிவறையின் விதி அது. வீட்டுச் சாமான் பட்டியலிலும் அவர் அப்படித்தான் செய்வார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. தம்மால் ஒருவர் முகம் வாடிவிடக் கூடாது என்பதற்காக அவர் எதையும் செய்வார். நடைபாதையில் மெதுவாகப் போகிறவரை முந்திச் செல்ல மாட்டார். ஒரு முறை வயதான துறவி ஒருவரின் பின்னால் நான்கு தெரு தாண்டி நடந்து, வேலைக்குத் தாமதமாக வந்தார். முடிதிருத்தும் பெண் ஒரு பக்கம் குட்டையாக வெட்டிவிட்டபோது, "ரொம்ப அழகா இருக்கும்மா" என்று சொல்லி, இரண்டு மாதம் தலையைச் சற்றே சாய்த்தபடி நடந்தார். கணவர் கேட்டதற்கு, "அந்தப் பொண்ணு அன்னிக்குத்தான் கடை தொறந்திருந்தா, எப்படிங்க சொல்றது?" என்றார். ஊரில் இதை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள். நன்றாக வளர்க்கப்பட்ட பெண் என்பார்கள். ஊரே அப்படித்தான் இருந்தது. சங்வியன் சற்றுக் கூடுதலாக இருந்தார், அவ்வளவுதான்.

இந்தக் குணத்தைப் பார்த்துத்தான் டாக்டர் நலின்ரத் அவரைப் பதிவறையிலிருந்து தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். நலின்ரத்துக்கு முப்பத்தெட்டு வயது. வாய்ப்புண் நோய்களில் தேர்ந்தவர். கன்னத்தின் உட்புறம் வெள்ளை வெள்ளையாய்ப் படர்வது, ஈறு தோலுரிவது, ஆறியது போல் ஆறி மறு வாரமே வெடிப்பது என்று ஆளைக் கொல்லாமலும் விடாமலும் ஆண்டுக்கணக்கில் கூடவே இருக்கும் நோய்கள் அவை. பெரும்பாலானவை ஒட்டுவாரொட்டி அல்ல. டாக்டர் அதை ஒவ்வொரு நோயாளியிடமும் இரண்டு முறை சொல்வார். இந்த நோய்கள் வாழ்க்கையை எவ்வளவு தின்கின்றன என்று அளக்க வெளிநாட்டில் ஒரு கேள்விப் படிவம் உண்டு. அதைத் தாய்லாந்து மக்களுக்கு ஏற்றதாக ஆக்குவதே ஆய்வு. இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே மொழிபெயர்த்தார்கள். மூலத்தைப் பார்த்தே இராத ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினார். இரண்டையும் ஒப்பிட்டு ஆறு பேர் கொண்ட குழு மூன்று நாள் தேங்காய்ப் பணியாரம் தின்றபடி வாதாடியது. பிறகு முப்பத்திரண்டு நோயாளிகளுக்குப் படித்துக்காட்டி, ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள், என்ன பதில் தந்தார்கள் என்று குறிக்க வேண்டும்.

"நான் கேட்டா யாரும் வாயைத் தொறக்க மாட்டேங்கிறாங்க அக்கா" என்றார் டாக்டர். "எரியுதான்னா, 'கொஞ்சந்தான் டாக்டர்'ங்கிறாங்க. உள்ளே பாத்தா ரணமா இருக்கு. வெள்ளைக் கோட்டைப் பாத்து மரியாதை. உங்ககிட்டன்னா மனசு விட்டுப் பேசுவாங்க."

அந்த வேலையைச் சங்வியன் அருமையாகச் செய்தார் என்பதையும் எழுத வேண்டும். மொரமொரப்பான ரொட்டியைக் கடிக்க முடிகிறதா என்ற கேள்விக்கு ஒரு மூதாட்டி, "ரொட்டிக்கு நான் எங்கே போவேன்?" என்றதைக் குறித்துவந்து, அந்த இடத்தில் ஒட்டரிசிச் சோற்றையும் மிளகாய் போட்டு இடித்த பப்பாளியையும் வைக்கச் செய்தவர் அவர்தான். விருந்துக் கொண்டாட்டம் என்றிருந்ததைக் கோயில் அன்னதானம் என்று மாற்றச் சொன்னவரும் அவர்தான். குழுவிலிருந்த பேராசிரியர் எழுந்து அவருக்குக் கைகூப்பினார். சங்வியன் அவரைவிடத் தாழக் குனிய முயன்று மேசையில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

இருபத்தொன்றாம் கேள்வியில்தான் அவர் தவறினார். குழு அதை எழுதியிருந்த விதம் இது: "உங்கள் வாய் நோயின் காரணமாக, வீட்டாரோடு ஒரே பாயில் அமர்ந்து உண்ணாமல் நீங்கள் தனியாக உண்பதுண்டா?" ஒருபோதும் இல்லை என்பதில் தொடங்கி எப்போதும் என்பதுவரை ஐந்து கட்டங்கள்.

அந்தப் பக்கத்து வீடுகளில் சோற்றுக்கூடை நடுவில் இருக்கும். ஆளுக்கொரு பிடி எடுத்து உருட்டி, எல்லாரும் ஒரே கிண்ணத்தில் தொட்டு உண்பார்கள். தனித்தட்டு என்றால் ஒன்று நோய், இல்லையென்றால் சண்டை. நோயாளியை அழைத்து வந்த மருமகள் அருகில் உட்கார்ந்திருக்கும்போது, இவரை நீங்கள் பாயிலிருந்து விலக்கிவிட்டீர்களா என்று கேட்பதற்கும் அந்தக் கேள்விக்கும் சங்வியனுக்கு வேறுபாடு தெரியவில்லை. முதல் நோயாளி ஓய்வுபெற்ற ஆசிரியரின் தாயார். கேள்வியை வாசித்ததும் மருமகள் கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகத் தொடங்கினாள். மூதாட்டியின் கண் தரைக்குப் போனது.

"உங்க வீட்ல அப்படியெல்லாம் இருக்காதுன்னு எனக்கே தெரியும்மா. படிவத்துல எழுதியிருக்குன்னு சும்மா கேக்கறேன்" என்று சங்வியன் அவசரமாகச் சேர்த்தார்.

"ஆமாம்மா, இல்லை" என்றார் மூதாட்டி.

மருமகளின் கை வாரை விட்டது. மூவரும் சிரித்தார்கள். முதல் கட்டத்தில் குறி விழுந்தது.

அதன்பின் அந்த வாக்கியத்தை எல்லாரிடமும் சேர்த்தார். பன்னிரண்டாம் நோயாளிக்குப் பிறகு கேள்வியை வாசிப்பதையே விட்டுவிட்டார். இருபதாம் கேள்வி முடிந்ததும் பென்சில் தானாக இருபத்தொன்றின் முதல் கட்டத்தில் ஒரு கோடு போடும். வாய் இருபத்திரண்டை வாசிக்கும். பொய்க் குறி போடுகிறோம் என்று அவர் அப்போது நினைக்கவில்லை. ஒருவருக்கு மனக்கஷ்டம் இல்லாமல் செய்கிறோம் என்றே நினைத்தார். இந்த இரண்டும் ஒரே செயல் என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது.

ஒரு திங்கட்கிழமை டாக்டர் நலின்ரத் அவரை அறைக்கு அழைத்து, கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க அக்கா. முப்பத்திரண்டு பேர், முப்பத்திரண்டு பேருமே 'ஒருபோதும் இல்லை'. ஒருத்தர்கூட மாத்திச் சொல்லலை. நம்ம ஊர்ல குடும்பம்னா குடும்பம்தான். இந்தக் கேள்வி நமக்குத் தேவையே இல்லை. புள்ளிவிவரம் பாக்கிறவரும் எடுத்துடலாம்னு சொல்லிட்டார். வெள்ளிக்கிழமை குழு கூடி முடிவு பண்ணிட்டா, அப்புறம் நாடு முழுக்க எல்லா ஆஸ்பத்திரியிலயும் நம்ம படிவம்தான்."

"ஆமாங்க டாக்டர்" என்றார் சங்வியன்.

"உங்க கையெழுத்தைப் பாத்துட்டு பேராசிரியர் என்ன சொன்னார் தெரியுமா? அச்சு மாதிரி இருக்காம். நன்றி சொல்ற இடத்துல உங்க பேரைத்தான் முதல்ல போடப்போறோம்."

சங்வியன் கைகூப்பினார். வெளியே வந்து நெடுநேரம் கழிவறையில் கை கழுவினார்.

மறுநாள் மதியம் மருத்துவமனை உணவுக்கூடத்தில் அவர் ஒன்பதாம் படிவத்தைப் பார்த்தார். அவருக்கு ஆள் அப்படித்தான் தெரிந்தது. பெயர் கம்பூன், வயது அறுபத்தாறு; வாய்க்குத் தடவும் களிம்பு வாங்க மாதம் ஒரு முறை குடும்பத்தோடு வருபவர். கணவர், மகன், மருமகள், பேரன் நால்வரும் நடுமேசையில் நூடுல்ஸ் கிண்ணங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். கம்பூன் இரண்டு மேசை தள்ளி, அவர்களுக்கு முதுகு காட்டி, தூண் ஓரமாக இருந்தார். வீட்டிலிருந்து துணியில் முடிந்து கொண்டுவந்த கரண்டியை எடுத்து, கஞ்சியை ஆற்றிக் குடித்தார். நடுவில் கணவர் எழுந்து வந்து ஒரு வாழைப்பழத்தை அவருக்கு எட்டும்படி மேசை விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பினார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை இல்லை, சினம் இல்லை. நாள்பட்ட வழக்கம் போல அது நடந்தது.

சங்வியன் தம் சாப்பாட்டுத் தட்டோடு குடிநீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். ஐம்பத்தைந்து வயதுப் பெண், சீருடையில், ஒளிந்து நின்றார். ஒன்பதாம் படிவத்தில் அவர் போட்ட கோடு அவருக்கு நன்றாக நினைவிருந்தது. சற்று அழுத்தமாகப் போட்டிருந்தார். இனிமேல் அந்தக் கேள்வியே இருக்காது. கம்பூனைப் போன்றவர்களை எந்த ஊரில், எந்த மேசையிலும் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காததால் அப்படி எவரும் இல்லை என்றே எழுதப்படும். இருபத்தெட்டு ஆண்டுகளில் ஒரு கோப்பைத் தொலைக்காதவர் இப்போது முப்பத்திரண்டு பேரைத் தொலைத்திருந்தார்.

புதன்கிழமை காலை டாக்டரின் அறைக் கதவைத் தட்டுமுன் அவர் மூன்று முறை திரும்பிப் போனார் என்று துப்புரவுப் பெண் சொன்னாள். இரண்டு முறை என்பது சங்வியனின் கணக்கு.

"டாக்டர், உங்களைச் சிரமப்படுத்தறேன். இருபத்தொண்ணு... அதை நான் கேக்கலைங்க."

"கேக்கலைன்னா?"

"முதல் பன்னெண்டு பேர்கிட்ட, 'உங்க வீட்ல இருக்காது'ன்னு சொல்லிட்டுக் கேட்டேன். மத்தவங்ககிட்ட கேக்கவே இல்லை. நானே கோடு போட்டேன்."

டாக்டர் நலின்ரத் குரலை உயர்த்தவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினார். சங்வியனுக்கு அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"போன மாசம் பாங்காக் கூட்டத்துல நான் மேடை ஏறிச் சொல்லிட்டேன்கா" என்றார் கடைசியில். "எங்க குடும்பங்கள் நோயாளியைத் தள்ளி வைக்கிறதில்லைன்னு. எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கும் சந்தேகம் வந்திருக்கணும். முப்பத்திரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்ற கேள்வி உலகத்துல உண்டா? கேக்க நல்லா இருந்துச்சு. அதான் கேட்டுட்டு இருந்துட்டேன்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"நான் வேலையை விட்டுடறேன் டாக்டர்."

"விட்டா? யார் கேப்பா? நானா? என்கிட்டதான் எல்லாரும் 'கொஞ்சந்தான்'னு சொல்வாங்களே. குழுவை ஒரு மாசம் தள்ளி வைக்கச் சொல்றேன். காரணத்தையும் சொல்லிடறேன், என் பங்கையும் சேத்து. முப்பத்திரண்டு பேரையும் மறுபடி வரவழைச்சுக் கேளுங்க. இந்தத் தடவை கேள்வி மட்டும். பக்கத்துல ஒரு வார்த்தை வேண்டாம்."

வந்தார்கள். இருபத்தேழாம் படிவக்காரரான புன்லாய் வாடகை வண்டி ஓட்டுபவர். அறுபத்து மூன்று வயது. நாற்காலியில் உட்காருமுன்பே குரல் கொடுத்தார்.

"இந்த ஒத்தக் கேள்விக்கா தங்கச்சி என்னை இவ்வளவு தூரம் இழுத்தே? போன்ல கேட்டிருக்கலாமே. ரெண்டு சவாரி போச்சு."

"போன்ல கேட்டா பக்கத்துல உங்க வீட்டுக்காரம்மா இருப்பாங்களே அண்ணே."

"இருந்தா என்ன? தட்டைத் தனியா வெச்சதே அவதானே! கேட்டா, 'உனக்குக் காரம் ஆகாதுன்னு தனியா வெச்சேன்யா'ங்கிறா. தண்ணிக் குவளையையும் தனியா வெச்சிருக்கியேடி, தண்ணியிலயும் மிளகாய் போடறியான்னு கேட்டேன். பேச்சே இல்லை." அவர் பெரிதாகச் சிரித்தார். சிரித்ததில் ஈறு வலித்திருக்க வேண்டும், கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "போடு, அடிக்கடின்னு போடு. கல்யாண வீட்டுக்குப் போனா மட்டும் சேத்து உக்கார வெப்பா. ஊர் பாக்குமே."

சங்வியன் குறித்தார். பிறகு தலை நிமிராமல், "போன தடவை இதை நான் உங்ககிட்டக் கேக்கலை அண்ணே. மன்னிக்கணும்" என்றார்.

"தெரியுமே. நீயே கோடு போட்டே. நான் பாத்துட்டுதான் இருந்தேன்."

"பாத்தீங்களா? அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"சொன்னா உனக்கு மனசு கஷ்டமா இருக்குமே தங்கச்சி" என்றார் புன்லாய்.

அவர் போன பிறகு சங்வியன் தாம் கேட்காமலே குறி போட்ட படிவங்களை எண்ணிப் பார்த்தார். இருபது பேர் அந்தப் பென்சில் முதல் கட்டத்துக்குப் போவதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறார்கள். எழுத்து தெரியாதவர்கள்கூடக் கேள்வி ஒன்று தாண்டிப் போனதை உணர்ந்திருப்பார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அவர் அவர்களைக் காப்பாற்றுவதாக நினைத்த நாளெல்லாம், அவர்கள் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அன்று அவருக்கு ஏற்பட்ட கூச்சம் டாக்டரின் அறையில் ஏற்பட்டதைவிடப் பெரியது.

மாதத்தின் கடைசி வாரத்தில் கம்பூன் வந்தார். கூட வந்தவர் கணவர் தொங்சா மட்டும். சங்வியன் இதற்குள் ஒரு வழி கண்டிருந்தார்: துணைக்கு வந்தவரை மருந்து வாங்க அனுப்பிவிட்டு நோயாளியைத் தனியே கேட்பது.

"ஐயா, களிம்புக்கு வரிசை நீளமா இருக்கும். நீங்க போய் நின்னீங்கன்னா—"

"அவரும் இருக்கட்டும் தங்கச்சி" என்றார் கம்பூன்.

சங்வியன் வாசித்தார். வீட்டாரோடு ஒரே பாயில் அமர்ந்து உண்ணாமல் தனியாக உண்பதுண்டா? வாசித்து முடித்ததும் பழகிய வாக்கியம் தொண்டைவரை வந்தது. உதடுகளை இறுக்கிக்கொண்டார். தொங்சா தம் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் போகச் சொல்லலை" என்றார் கம்பூன். "அதை முதல்ல எழுதிக்கோ. மருமக தங்கமானவ. பேரன் பொறந்திருந்தான். பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுல நம்ம வாய் இப்படி இருக்கேன்னு நானே தட்டை எடுத்துட்டு அடுப்பாங்கரைக்குப் போயிட்டேன். ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாங்க, தெரியும். ஆனாலும் போயிட்டேன். ரெண்டு நாள்ல யாராச்சும் 'ஏன் அங்கே உக்காந்திருக்கே, வா'ன்னு கூப்பிடுவாங்கன்னு பாத்தேன்."

"கூப்பிடணும்னுதான் இருந்தேன்" என்றார் தொங்சா செருப்பைப் பார்த்தபடி. "கூப்பிட்டா, வாயைப் பத்திப் பேச்சு வரும். இவ கூசிப்போவாளேன்னு விட்டுட்டேன். அப்புறம் மறுநாள். அப்புறம்... அப்படியே போச்சு."

கம்பூன் அவர் பக்கம் திரும்பவில்லை.

சங்வியன் ஐந்து கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டினார். ஒருபோதும் இல்லை. அரிதாக. சில நேரம். அடிக்கடி. எப்போதும். கடைசிச் சொல் முடியுமுன் தொங்சாவின் கை மேசைக்கு வந்தது. தடித்த ஆள்காட்டி விரல் காகிதத்தின் மேல் பதிந்து, எந்தக் கட்டம் என்று தெரியாமல் வரிசையில் தேடி நின்றது. கம்பூன் அந்த விரலைப் பிடித்து, வலக்கோடியில் இருந்த கட்டத்துக்கு நகர்த்தி வைத்தார். தொங்சா விரலை எடுக்கும்வரை சங்வியன் காத்திருந்தார்.

பிறகு ஒன்பதாம் படிவத்தில் தாம் முன்பு போட்ட குறியை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் தம் பெயரையும் தேதியையும் எழுதினார். கடைசிக் கட்டத்தில் புதிய குறி இட்டார். எவ்வளவு காலமாக என்று கேட்டார். பேரன் வயதுதான் என்றார் தொங்சா. சங்வியன் ஓரத்தில் குறித்தார்:

பதினான்கு ஆண்டுகள்.